சிவப்புப் பக்கம் மேலே

போன மாதம் மேலகரத்திலிருந்து கார்த்திக் என்றொரு தம்பி பழைய டிவி பெட்டி ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து இறங்கினான். பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பிள்ளை. பெட்டி, முதுகில் கூன் விழுந்த பிக்சர் டியூப் காலத்துப் பெட்டி. பழைய இரும்புக்காரர்கூட வாங்க யோசிக்கிற சாமான். அதைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல அணைத்துக்கொண்டு படியேறினான்.

“அண்ணாச்சி, இதுல ஆர்.ஜி.பி. இன்புட் போட்டுத் தரணும். பழைய கேம் மிசின் ஒண்ணு வாங்கிருக்கேன். புது டிவில போட்டா படம் நல்லாவே இல்ல. ஒரு காலத்துல குத்தாலத்து வீடியோ கேம் கடைக்கெல்லாம் நீங்கதான் போட்டுக் குடுத்தீங்கன்னு சொன்னாங்க.”

“முடியாதுலே. தூக்கிட்டுப் போ.”

“நெட்டுல எல்லாரும் பண்ணுதாங்களே அண்ணாச்சி. நாலு ரெசிஸ்டர், மூணு கண்டன்சர், அவ்வளவுதானே?”

“அவ்வளவுதான். அதான் முடியாதுங்கேன்.”

அவன் முகம் வாடிவிட்டது. கிழவனுக்குக் கை நடுங்குகிறது, அதை ஒத்துக்கொள்ள ரோஷம் விடவில்லை என்று நினைத்திருப்பான். என் கைக்கு ஒன்றுமில்லை. இன்றைக்கும் ஐசியின் ஊசிமுனை அளவு காலைக்கூட ஈயம் வழியாமல் பற்றவைப்பேன். காரணம் வேறே. அதை வாசலில் நின்று சொல்லி முடிக்க முடியாது. இத்தனை நாள் எங்கேயும் சொல்லவும் முடியவில்லை. இரண்டு பெண்கள் உயிரோடு இருந்தார்கள். ஒருத்தி முந்தின வருடம் போய்ச் சேர்ந்தாள். இன்னொருத்தி இந்த ஆடியில் போனாள். இனி எழுதினால் யாருக்கும் வலிக்காது, யாருக்கும் உதவவும் செய்யாது.

எனக்குச் சொந்த ஊர் சுந்தரபாண்டியபுரம். ஐ.டி.ஐ.யில் ரேடியோ டிவி மெக்கானிக் படித்தேன். படித்ததில் பாதி மறந்துபோனது, மீதி உபயோகப்படவில்லை. தொழில் என்று எனக்கு வந்தது தென்காசியில் சண்முகவேல் அண்ணாச்சியின் ஒர்க் ஷாப்பில்தான். பெரிய கோயிலுக்கு வடக்கே ஒரு சந்தில் இருந்தது அது. ஆள் ஒல்லி. வெள்ளை வேட்டி, கை வைத்த பனியன், தோளில் ஒரு துண்டு. வாயைத் திறந்தால் ஏச்சுதான் வரும். ‘சவத்து மூதி’ என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. அதைச் சொல்லாமல் இருந்தால்தான் எனக்குப் பயம் வரும்.

பெட்டியைத் திறக்க அவரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் பிளக்கைப் பிடுங்கி, பிடுங்கின பிளக்கை மேசை மேல் கண்ணுக்கு முன்னால் வைக்க வேண்டும். கீழே தொங்க விட்டால் ஏச்சு. பிறகு பின்மூடியைக் கழற்றுவது. பிக்சர் டியூப்பின் பக்கவாட்டில் ஒரு ரப்பர் தொப்பி இருக்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதற்குள் ஆளைத் தூக்கி அடிக்கிற அளவுக்குக் கரண்ட் நின்றுகொண்டிருக்கும். வயர் கட்டிய ஸ்குரு டிரைவரை அந்தத் தொப்பிக்கு அடியில் நுழைப்பார். ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு விடுவார். பெட்டியை ஓட விட்டு மீட்டர் வைக்கும்போது இடது கையை வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொள்வார். எல்லாவற்றையும் வலது கை ஒன்றாலேயே செய்வார்.

“ரெண்டு கையையும் உள்ள விட்டா ஒரு கைல ஏறி நெஞ்சு வழியா மறு கைல இறங்கும்லே, சவத்து மூதி. ஒரு கைன்னா சுளுக்கோட போவும்.”

இன்னொரு குணமும் அவருக்கு உண்டு. அதை அப்போது நான் கிறுக்குத்தனம் என்றே நினைத்தேன். பெட்டி எதனால் கெட்டது என்று அவர் யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டார். ஒரு வாத்தியார் வீட்டு அம்மா தூசி தட்டுகிறேன் என்று ஈரத் துணியைப் பின்பக்கம் விட்டுத் துடைத்து, போர்டே கருகிப்போய் வந்தது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. வாத்தியார் பெஞ்சில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டு, “என்னாலயா இல்ல எங்க வீட்டுல உள்ளவளாலயா, அத மட்டும் சொல்லும்” என்றார்.

“ரெண்டு பேராலயும் இல்ல. போன தடவ நான் பாத்தப்ப ஒரு கண்டன்சரக் கவனிக்காம விட்டுட்டேன்” என்றார் அண்ணாச்சி.

வாத்தியார் அண்ணாச்சியை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நம்ம பேருல்லா கெடுது அண்ணாச்சி” என்றேன். “கெடட்டும். அவன் நம்மள ஏசுனா நாம காப்பியக் குடிச்சுட்டு மறந்துருவோம். அவள ஏசுனா அவ எங்க போவா?” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

குற்றாலத்தில் வீடியோ கேம் கடைகள் வந்தது அந்தக் காலத்தில்தான். சீசனுக்கு வருகிற கூட்டம் குளித்துவிட்டு, எண்ணெய் தேய்த்துவிட்டு, பஜ்ஜி தின்றுவிட்டு, அப்புறம் என்ன செய்யும்? பிள்ளைகள் சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். மரப்பெட்டிக்குள் ஒரு டிவி, முன்னால் தகரப் பலகையில் ஒரு குச்சியும் நாலு பித்தானும், உள்ளே காசு போட ஒரு துளை. இவ்வளவுதான் வீடியோ கேம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கேம் போர்டிலிருந்து சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி வயரில் வரும். நம் வீட்டு டிவிக்கு அப்படி வாங்கத் தெரியாது, ஆன்டெனா வழியாகத்தான் வாங்கும். நடுவில் ஒரு டப்பா வைத்து ஆன்டெனா வழியாகக் கொடுத்தால் கேமில் ஓடுகிற சிவப்புச் சட்டைக்காரனின் சிவப்பு பக்கத்துச் சுவரில் ஒழுகும். எழுத்து நடுங்கும். பிள்ளைகள் ஒரு காசு போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

கோமதியக்கா கடைக்குத்தான் அண்ணாச்சி முதல்முதல் வழி கண்டுபிடித்தார். மெயின் அருவிக்குப் போகிற ரோட்டில் கடை. அக்காவின் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தவர், சின்ன வயதிலேயே போய்விட்டார். ஒரே மகன் இசக்கி. அவனுக்கு மீசை அப்போதுதான் கறுத்துக்கொண்டிருந்தது. முன்பக்கம் அக்கா பஜ்ஜி போடுவாள், பின்பக்கம் இசக்கி மிசின் ஓட்டுவான். கொல்லத்திலிருந்து ஒரு கேம் போர்டை அவனே போய் வாங்கிக்கொண்டு வந்திருந்தான்.

டிவியின் சர்க்யூட் படத்தைத் தரையில் விரித்துப்போட்டு அண்ணாச்சி குப்புறப் படுத்துக்கிடந்தார். கலர் பிரிக்கிற ஐசியில் மூன்று கால்கள் எந்த வேலையும் இல்லாமல் சும்மா கிடந்தன. வெளிநாட்டில் படத்தின் மேல் எழுத்துக் காட்டுவதற்காக வைத்த கால்களாம். நம்மூர்க் கம்பெனிக்காரன் அவற்றைத் தரையோடு, அதாவது கிரவுண்டோடு, கட்டிப் போட்டிருந்தான். “ஏலே சுப்பையா, வாசல் தொறந்துதான் கெடக்கு. எவனும் உள்ள போவல” என்றார். நான் அவர் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த மூன்று கால்களையும் அவிழ்த்தோம். ஒவ்வொன்றுக்கும் எழுபத்தைந்து ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தரைக்கு இறக்கி, சின்னக் கண்டன்சர் ஒன்றை வழியில் வைத்தோம். கேம் போர்டின் கலர் வேகம் அதிகம், அதை அடக்க ஒவ்வொரு வயரிலும் இன்னொரு ரெசிஸ்டர். ‘ஆன்டெனாவை விடு, இதைக் காட்டு’ என்று ஐசிக்குச் சொல்ல நாலாவதாக ஒரு கால் இருந்தது. அதற்கு ஒரு வோல்ட் கொடுத்தோம். சுவிட்சைப் போட்டதும் சிவப்பு சிவப்பாக, நீலம் நீலமாக, கத்தரித்து ஒட்டின மாதிரி படம் நின்றது.

“ஏ யப்பா! என்னா தெளிவு! எங்க கல்யாணப் போட்டோகூட இப்பிடி விழல!” என்று கோமதியக்கா கரண்டியோடு ஓடி வந்து பார்த்தாள். மூன்று தட்டு பஜ்ஜி வந்தது. அண்ணாச்சி ஒன்றுகூடத் தின்னவில்லை. சேசிஸில் டெஸ்டரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பயந்தது இதற்குத்தான். அந்தப் பழைய மாடல் பெட்டிகளில் மெயின் கரண்டின் ஒரு வயர் நேராக டிவியின் சேசிஸில், அதாவது உள்ளே இருக்கிற இரும்புச் சட்டத்தில் கட்டியிருக்கும். பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் சட்டத்தில் ஒன்றும் இராது. திருப்பிச் செருகினால் சட்டம் முழுக்கக் கரண்ட். வீட்டில் அதனால் ஆபத்தில்லை, சட்டம் மூடிக்குள் கிடக்கும், ஆன்டெனா வழியாகவும் வெளியே வராது. ஆனால் ஆர்.ஜி.பி. போட்டால் கேம் போர்டின் தரையும் டிவியின் சட்டமும் ஒன்றாகிவிடும். கேம் போர்டின் தரை, பிள்ளைகள் கை வைக்கிற தகரப் பலகையோடு சேர்ந்தது. உள்ளே கிடந்த பாம்பை நாமே வாசலுக்குக் கொண்டுவந்து விடுகிற வேலை அது.

அதனால் அண்ணாச்சி ஒவ்வொரு மிசினுக்கும் தனியாக ஒரு டிரான்ஸ்பார்மர் வைப்பார். மெயின் கரண்டை நேராக உள்ளே விடாமல் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்பார்மர். அது இருந்தால் பிளக்கை எப்படிச் செருகினாலும் பயமில்லை. அது இல்லாமல் எந்தக் கடைக்கும் அவர் மிசின் கொடுத்ததில்லை.

அந்த வருடம் ஆடிச் சாரல் விடாமல் அடித்தது. கடைக்குள் சுவரெல்லாம் வேர்த்து வழிந்தது. கோமதியக்கா கடை டிரான்ஸ்பார்மர் ஈரம் குடித்துக் கருகிவிட்டது. திருநெல்வேலிக்கு அனுப்பித் திரும்பச் சுற்றி வாங்க வேண்டும். சீசன் உச்சத்தில் மிசின் நின்றால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. இசக்கி கெஞ்சினான். அண்ணாச்சி வெகு நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கடைசியில் டிவியை நேராக லைனில் கொடுத்தார். கடையில் இருந்தது இரண்டு துளைப் பாயிண்ட்தான். டெஸ்டரை வைத்து, எந்தப் பக்கம் செருகினால் சட்டம் செத்துக் கிடக்கிறதோ அந்தப் பக்கத்தை மேலே வைத்தார். பக்கத்து வளையல் கடையில் சிவப்பு நகப்பாலிஷ் வாங்கி, பிளக்கின் மேல்முகத்தில் ஒரு பொட்டு வைத்தார். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிறதுதான் அது.

“இசக்கி, இங்கன பாரு. செவப்பு மேல. கரண்டு போனாலும் இடி இடிச்சாலும் பிடுங்கிட்டுத் திரும்பச் சொருகும்போது செவப்பு மேல. சொல்லு.”

“செவப்பு மேல.”

“இன்னொருக்கச் சொல்லு.”

“செவப்பு மேல அண்ணாச்சி. நான் என்ன சின்னப்பிள்ளையா?”

சீசன் முடிகிற வரைக்கும் அவன் ஒரு தடவைகூடத் தப்புச் செய்யவில்லை. அதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். நல்ல பிள்ளை, சொன்னதைக் கேட்கிற பிள்ளை.

சீசன் முடிந்து கடை பூட்டிக் கிடந்தது. ஐப்பசி மழையில் இடி விழும் என்று அப்போதே பிளக்கைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். அடுத்த கூட்டம் கார்த்திகையில்தான், மாலை போட்ட சாமிமார் அருவியில் குளிக்க வரும்போது. சுற்றக் கொடுத்த டிரான்ஸ்பார்மர் இழுத்தடித்து அப்போதுதான் எங்கள் ஒர்க் ஷாப்புக்கு வந்து சேர்ந்தது. கார்த்திகை ஒன்றாம் தேதி காலையில் போய் மாட்டிவிடலாம் என்று அண்ணாச்சி சொன்னார். அதன்படி சாக்கில் சுற்றி நான் தூக்கிக்கொள்ள, இருவரும் பஸ் ஏறினோம். போகிற வழியில் அண்ணாச்சி, இதை வைத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வரும் என்றார்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கடை வாசலில் கூட்டம் நின்றது.

முந்தின நாளே சாமிமார் பஸ் நாலைந்து வந்துவிட்டதாம். கூட்டத்தை விடக்கூடாது என்று இசக்கி கடையைத் திறந்துவிட்டான். அந்த வருடம் அவனுக்கு முதல் மாலை. அன்றைக்கு அதிகாலை அருவியில் குளித்து, மாலை போட்டு, ஈர வேட்டியோடும் வெறுங்காலோடும் வந்து பிளக்கைச் செருகி, தகரப் பலகையில் கை வைத்திருக்கிறான். தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள், அக்காவும் கூடப் போயிருந்தாள். போகும்போதே உயிர் இல்லை என்றார் வளையல் கடைக்காரர்.

யாரோ மெயினை அமர்த்தியிருந்தார்கள். அண்ணாச்சி உள்ளே போய்க் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

பிளக்கின் இரண்டு முகத்திலும் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. இரண்டு முகத்திலும் சந்தனத்தின் நடுவில் குங்குமம். ஆயுத பூசைக்கு வைத்தது. மிசின், டிவி, தராசு, எண்ணெய்ச் சட்டி, சுவிட்ச் போர்டு, எல்லாவற்றிலும் இருந்தது. நகப்பாலிஷ் பொட்டு எந்தச் சந்தனத்துக்குக் கீழே கிடக்கிறது என்று எங்களுக்கே தெரியவில்லை. இசக்கி சிவப்பைத் தேடியிருக்கிறான். சிவப்பை மேலே வைத்துத்தான் செருகியிருக்கிறான்.

அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து, எச்சில் தொட்டு, அந்தப் பிளக்கைத் துடைத்தார். நகத்தால் சுரண்டி, நகப்பாலிஷையும் சேர்த்துச் சுரண்டி, இரண்டு முகமும் வெள்ளையாகிற வரைக்கும் துடைத்தார். அவர் என்ன செய்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ‘தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறாரோ’ என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்த புத்தியை இன்றைக்கும் செருப்பால் அடிக்கலாம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கோமதியக்கா தரையில் கிடந்தாள். நாலு பெண்கள் பிடித்தும் அடங்கவில்லை.

“ஒண்ணையும் விடலியே! ஆயுத பூசைக்கு ஒரு சாமானையும் விடலியே! பிளக்கு வரைக்கும் முன்னும் பின்னுமா சந்தனம் வச்சு, குங்குமம் வச்சு, எம் பிள்ளையக் காப்பாத்துன்னு கும்பிட்டேனே! அந்தச் சாமிக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா! எதுக்கு, எதனால, ஆராச்சும் சொல்லுங்களேன்!”

அண்ணாச்சி என் கையிலிருந்த சாக்கை வாங்கிச் சுவரோரம் வைத்தார். அவள் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார்.

“சாமிய ஏசாத தாயி. நான்தான். போன தடவ வந்தப்ப வயரத் தப்பா மாட்டிட்டுப் போயிட்டேன். பெட்டிக்குள்ள மாத்திக் குடுத்துட்டேன். பிள்ள மேல ஒரு தப்பும் இல்ல. வேற ஆரு மேலயும் இல்ல.”

 அவள் அவர் முகத்தில் அறைந்தாள். அவர் தலையைத் திருப்பவில்லை. அவள் கை ஓய்கிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

போலீசிடமும் அதையேதான் சொன்னார். கேஸ் நடந்தது. அலட்சியம் என்று எழுதினார்கள். அது தீர்ந்து அவர் வெளியே வந்தபோது ஒர்க் ஷாப்புக்குப் பெட்டி கொண்டுவர ஆள் இல்லை. வீட்டுக்குள் உட்கார்ந்து ஃபேன் காயில் சுற்றிப் பிழைத்தார். குற்றாலத்தில் நாங்கள் போட்ட மிசின்களையெல்லாம் பயந்துபோய்க் கடைக்காரர்கள் கழற்றிப் போட்டார்கள்.

ஒரு நாள் என்னால் தாங்க முடியவில்லை. கேட்டுவிட்டேன்.

“ஏன் அண்ணாச்சி? டிரான்ஸ்பார்மர் இல்லாம நேராக் குடுத்தது நம்ம தப்புன்னு சொல்லிருக்கலாம், அது நிசம். இல்லாத வயரத் தப்பா மாட்டுனேன்னு எதுக்குச் சொன்னீங்க?”

“நேராக் குடுத்தேன்னு சொன்னா, பொறவு ஏன் ஆடில சாவலன்னு கேப்பா. செவப்பு மேலன்னு சொன்னேன்னு சொல்லணும். செவப்பு எங்கன போச்சுன்னு கேப்பா.” காயிலைச் சுற்றிக்கொண்டே பேசினார். “எனக்குக் கடைதான்லே போச்சு. குங்குமம் வச்ச கைய அவ எங்கன கொண்டுபோயி வைப்பா? அந்தக் கையாலதானே இனி சோறு திங்கணும்?”

 மறுபடி அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

வருடா வருடம் கார்த்திகை ஒன்றாம் தேதி கோமதியக்கா அண்ணாச்சி வீட்டு வாசலுக்கு வருவாள். தலைவிரி கோலமாக நின்று மண்ணை வாரித் தூற்றுவாள். நாசமாப் போவ, நாதியத்துப் போவ என்பாள். தெரு முழுக்க வேடிக்கை பார்க்கும். அண்ணாச்சி உள்ளே ஒளிந்துகொள்ள மாட்டார். சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து நிற்பார். அவருடைய சம்சாரம் பாக்கியம் மயினி கதவுக்குப் பின்னால் நின்று வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுவாள். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. தெருவில் ஒரு விசேஷத்துக்கும் மயினியை யாரும் கூப்பிடவில்லை. புருஷன் ஏன் இப்படி நின்று வாங்கிக் கட்டிக்கொள்கிறார் என்று அவளுக்கும் தெரியாது. அவளிடமும் அவர் சொல்லவில்லை.

நான் ஒரு ஷோரூமின் சர்வீஸ் பிரிவில் சேர்ந்துவிட்டேன். பிக்சர் டியூப் போய் தட்டை டிவி வந்தது. என்ன கெட்டாலும் போர்டைக் கழற்றிவிட்டு வேறு போர்டு மாட்டு என்றார்கள். மாட்டினேன். கல்யாணம் ஆனது, ஒரு மகன் பிறந்தான், படித்தான். மாசம் ஒரு தடவை அண்ணாச்சி வீட்டுக்குப் போய் மயினி கையால் சாப்பிட்டுவிட்டு வருவேன். அவ்வளவுதான் என் சர்வீஸ். ரிட்டயர் ஆகும்போது ஒரு சால்வை போர்த்தி அனுப்பினார்கள்.

அதற்கு மறுவருடம் அண்ணாச்சி இறந்துபோனார்.

காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார்கள். வீட்டு முன்னால் பெஞ்சில் கிடத்தியிருந்தது. குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வருகிற நீர்மாலைக்கு ஆள் சேர்ந்துகொண்டிருந்த நேரத்தில் கோமதியக்கா வந்தாள். தலை பூராவும் நரைத்து, முதுகு வளைந்துபோயிருந்தது. இரண்டு பேர் மறிக்கப் போனார்கள்.

“ஒதுங்குங்கலே. பொணத்த ஆரு அடிப்பா?” என்று தள்ளிக்கொண்டு வந்தாள். தலைமாட்டில் நின்று அண்ணாச்சி முகத்தைப் பார்த்தாள். ஏசுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

“போயிட்டியா?” என்றாள். குரல் எழும்பவில்லை. “ஒன்ன ஏசணும்னுதானேடா வருசா வருசம் எந்திரிச்சு வந்தேன். இனி நான் எவன் வாசலுக்குப் போவேன்? எம் பிள்ள எப்பிடிச் செத்தான்னு எவன்ட்ட கேப்பேன்?”

பாக்கியம் மயினி சடாரென்று எழுந்தாள். அத்தனை வருடம் கதவுக்குப் பின்னால் நின்றவள்.

“செத்தும் விடமாட்டியா? எம் புருசன் ஈ எறும்புக்குத் தீங்கு நெனக்காதவரு! ஏ சுப்பையா, நீ கூட நின்னவன்தானே? அன்னைக்கு நடந்தது ஒனக்குத் தெரியும்தானே? இந்தப் பொணத்து முன்னால சொல்லு. இவரா அந்தப் பிள்ளையக் கொன்னாரு? இல்லன்னா ஆரு?”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். தெருவும் பார்த்தது.

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதும். சொன்னால் மயினி தலை நிமிர்ந்து தாலியைக் கழற்றுவாள். அண்ணாச்சி பேர் கழுவி வெள்ளையாகிவிடும். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அப்போது கோமதியக்கா பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். சுருங்கி, எண்ணெய்த் தழும்பு விழுந்த கை. சொல்லாமல் விட்டால் மயினி செத்தவனின் பழியோடு சாக வேண்டும். சொன்னால் இவள் இன்றைக்கே சாவாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒருத்தி மேல் பாய்கிற கரண்ட். ஐயோ, அண்ணாச்சி, என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போய்விட்டீர் என்று மனசுக்குள் கத்தினேன்.

“அண்ணாச்சி இல்ல மயினி. நான்தான். வயர மாத்தி மாட்டுனது நான். கல்யாணம் ஆகாத பய, கேஸ் ஆச்சுன்னா வாழ்க்க போயிரும்னு அண்ணாச்சி தம்மேல போட்டுக்கிட்டாரு.”

மயினி அழுகையை நிறுத்திவிட்டாள். என் பக்கத்தில் வந்தாள்.

“இத்தன வருசமா... மாசா மாசம் வந்து என் கையால வாங்கித் தின்னியேடா. அவரு மேல மண்ணு விழுதப்ப நீ எங்கன இருந்த?” என்றாள். “போ வெளிய. அவரத் தொடாத. பாடையில கை வச்சே, கைய வெட்டிருவேன்.”

தொழில் சொல்லிக் கொடுத்தவருக்கு வாய்க்கரிசி போடவோ தோள் கொடுக்கவோ என்னால் முடியவில்லை. கூட்டம் விலகி வழி விட்டது. ஒருவன் காறித் துப்பினான். அதற்குப் பிறகு மயினி சாகும்வரை என் முகத்தில் விழிக்கவில்லை.

சந்து முனைக்கு வந்ததும் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. கோமதியக்கா மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தாள். மண்ணை அள்ளுவாள் என்று நின்றேன். அள்ளவில்லை. என் சட்டையைப் பிடித்து, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் பழைய வெறி திரும்பி வந்திருந்தது. பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்ற செத்த கண் இல்லை அது.

“அவனுக்குத்தான் பிள்ள இல்ல. ஒனக்கு இருக்கா?”

எங்கள் பக்கத்தில் தீராத வயிற்றெரிச்சல்காரர்கள் கோயிலில் காசு வெட்டிப் போடுவார்கள். அம்மன் முன்னால் காசை இரண்டாக வெட்டி, நாசமாகப் போக வேண்டியவனின் பெயரைச் சொல்லிப் போட வேண்டும். பெயர் இல்லாமல் போட்டால் சேராது என்பார்கள். நான் கரண்டை நம்புகிறவன், இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

“இருக்கான் தாயி. ஒருத்தன்.”

“பேரு என்ன?”

சொன்னேன்.

“முழுப் பேரச் சொல்லு.”

இனிஷியலோடு சொன்னேன்.